தட்டில் செத்த கிருமி

தடுப்பு வட்டம் பெரிதாகத் தெரியும் நாளில் வாயைத் திறக்காதீர்கள். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது உண்மையில் இவ்வளவே. ஆனால் இதை மட்டும் சொல்லி முடித்தால் நீங்கள் தலையாட்டிவிட்டு மறந்துபோவீர்கள். மூத்தவர்கள் சொன்ன எத்தனையோ சொற்களுக்கு நானும் அவ்வாறே தலையாட்டியிருக்கிறேன். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். இந்த ஒரு பத்தியை எழுதுவதற்குள்ளாகவே இருமுறை எழுந்து சன்னல்வரை போய்வந்துவிட்டேன். இதைப் பற்றி அமைதியாக அமர்ந்து பேச எனக்கு இன்னும் வரவில்லை.

பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டு அது. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. கொரோனாக் காய்ச்சல் ஓய்ந்திருந்தது. நெஞ்சில் சளி என்றாலே மக்கள் நடுங்கிய நடுக்கம் ஓயவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பானையில் ஏதேனும் கொதித்தது. ஆடாதோடை, தூதுவளை, துளசி, கற்பூரவல்லி. இலைகளை நீரில் காய்ச்சி வடித்த அந்தக் குடிநீரைக் கசாயம் என்றே எங்கள் பக்கம் சொல்வார்கள். இவற்றுள் எது மூச்சுப்பாதைக் கிருமிகளை உண்மையாகவே தடுக்கிறது என்று சோதித்து, ஓய்வுபெறும் முன் ஒரு கட்டுரையாக எழுதிவிட வேண்டும் என்பது என் ஆசை. சோதிக்க விரும்புவோர் தங்கள் வீட்டுக் குடிநீரைக் கொண்டுவரலாம் என்று ஆய்வக வாயிலில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தேன்.

முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். கடற்பாசிக் கூழ் உறைந்த தட்டில் கிருமியைப் பரப்புகிறோம். அதில் சிறு குழிகள் வெட்டி, ஒன்றில் குடிநீரும், ஒப்பிடுவதற்காக இன்னொன்றில் வெறும் நீரும் இடுகிறோம். மறுநாள், குடிநீருக்கு ஆற்றல் இருந்தால் அந்தக் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் ஒன்று தெரியும்; அதுவே தடுப்பு வட்டம். மாதக்கணக்கில் எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. கிருமிகள் ஒவ்வொரு குழியின் விளிம்புவரை வந்து செழித்து நின்றன. என் கட்டுரை தலைப்போடு நின்றது.

அப்போதுதான் கீழவைப்பாரிலிருந்து செலின் வந்தார். அவருடைய கணவர் அந்தோணி சங்கு குளிப்பவர்; காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் நடந்து சங்கு பொறுக்கும் தொழில். அவருக்கு நுரையீரல் அழற்சி. மருத்துவர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, சளியையும் சோதிக்கச் சொல்லியிருந்தார். செலின் ஒரு கையில் சளிக் குப்பியும் மறு கையில் கரும்பச்சை நீர் நிறைந்த ஒரு பாட்டிலும் வைத்திருந்தார்.

“சார், இதையும் சோதிச்சுப் பாப்பியளாம்லா? வெளிய நோட்டீசு ஒட்டிருக்கு.”

“பார்ப்போம் அம்மா. என்னென்ன இலை?”

“ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி. நாலு மொளகு தட்டிப் போடுவோம்.”

“வேறு மருந்து ஏதேனும்?”

“வேற மருந்து ஒண்ணுங் கெடையாது சார். எங்க வீட்ல எப்பவும் இதுதான். அவுக கடலுக்குப் போகயில ரெண்டு பாட்டில் கையோட கொண்டுபோவாவ.”

படிவத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: மூன்று இலைகளும் மிளகும், நீரில் காய்ச்சியது.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்தால் நான் எழுதும் எல்லாமே பொய்யாகிவிடும். கொரோனா என் நுகர்புலனைக் கொண்டுபோயிருந்தது. ஓராண்டு கடந்தும் அது திரும்பவில்லை. வளர்ப்புத் தட்டை முகர்வது இன்று உங்களுக்குத் தடை, நல்ல தடைதான். எங்கள் தலைமுறைக்கோ மூக்கு ஒரு கருவி. திராட்சை மணம் வந்தால் இன்ன கிருமி, எலி வளையின் நாற்றம் வந்தால் இன்ன கிருமி என்று தட்டைத் திறந்ததுமே சொல்லிவிடுவோம். அத்தகைய மூக்கு செத்துவிட்டது என்பதை நான் எவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அடுப்பில் பால் கருகிக்கொண்டிருக்க, அதே அறையில் அமர்ந்து நாளிதழ் படித்திருக்கிறேன். ஆய்வகத்தில் அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். தட்டை மூக்கருகே கொண்டுபோய், ஒரு நொடி நிறுத்தி, தெரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டு வைப்பேன். எல்லாரும் நம்பினார்கள். சில நாள்களில் நானே நம்பினேன்.

செலினுடைய பாட்டிலைத் திறந்தபோதும் அவ்வாறே முகர்ந்து தலையாட்டினேன்.

அந்தோணியின் சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியின் மீதே அந்தக் குடிநீரைச் சோதித்தேன். வேறொருவரிடம் ஒப்படைக்க மனமின்றி எல்லாவற்றையும் என் கையாலேயே செய்தேன். மறுநாள் காலை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். குடிநீர்க் குழியைச் சுற்றி நிலவைப்போல ஒரு வட்டம். வெறும் நீர்க் குழியைச் சுற்றி ஒன்றுமில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்ட வட்டங்களில் அதுவே பெரிது.

அன்று நண்பகலில் செலின் சளிச் சோதனை முடிவை வாங்க வந்தார். முடிவைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“உங்கள் கணவரின் நெஞ்சிலிருந்து வந்த அதே கிருமிதான் இது. உங்கள் குடிநீர் இருக்கும் இடத்தை அது நெருங்கவே இல்லை, பாருங்கள்.”

அவர் நெடுநேரம் பார்த்தார்.

“மாதாவே! நம்ம கசாயமா சார் இத்தனையுங் கொன்னுச்சு?”

“அதுதான் கொன்றது.”

“ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா? அவுகளுக்குக் காட்டணும். இது கொமட்டுது, அது கொமட்டுதுன்னு என் உயிர வாங்குதாவ.”

படம் தெளிவாக விழ வேண்டும் என்று நானே தட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டேன். அவரைக் குமட்ட வைத்தது குடிநீரா மாத்திரையா என்று கேட்கத் தோன்றவில்லை. மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் கட்டுரை எழுதினேன். நான்காம் நாள் காலை, குளிர்பெட்டியில் இருந்த பாட்டில்களைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தார் எங்கள் கழுவறை அம்மையார். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையிலிருந்து முதல் பேருந்தில் வருபவர். எங்கள் கண்ணாடிக் கலங்கள் யாவும் அவர் கையில்தான் தூய்மையாகும். ஆய்வகத்தில் எல்லாரையும் அதட்டுவார், என்னையும் சேர்த்து.

“என்ன சார் இது, மீன் ஊறுகா போட்ட பாட்டிலையா கொண்டாந்து வச்சிருக்கிய?”

“ஏன்?”

“காடி வாசம் ஆளத் தூக்குது. உங்களுக்கு அடிக்கலியா?”

அவர் நீட்டியது செலினுடைய பாட்டில். வாங்கி முகர்ந்தேன். எதுவும் இல்லை. வழக்கம்போலத் தலையாட்டப் போனவன், அவர் என் முகத்தையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு நிறுத்தினேன்.

“அடிக்கவில்லை,” என்றேன். “ஓராண்டாகவே எனக்கு எதுவும் அடிப்பதில்லை.”

அவர் கையிலிருந்த தூரிகையைத் தொட்டியில் போட்டார்.

“அப்போ இத்தன நாளா மோந்து மோந்து தலையாட்டுனது என்னத்துக்கு சார்? எங்களுக்குச் சினிமா காட்டவா?”

பாட்டிலில் மிஞ்சியிருந்த நீரில் ஒரு நீல லிட்மசுத் தாளை நனைத்தேன். நனைந்த மாத்திரத்தில் சிவந்தது. புளிப்பு. கடுமையான புளிப்பு. கிருமிகளுக்குப் புளிப்பு ஆகாது என்பது முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். தட்டில் காடி, அதாவது வினிகர், ஒரு குழியைச் சுற்றித் தேங்கி நின்று எந்தக் கிருமியையும் கொல்லும். குடித்தாலோ வயிற்றோடு அதன் வலிமை முடிந்தது. நுரையீரலில் இருக்கும் கிருமி அதை அறியக்கூட வாய்ப்பில்லை. என் வெறும் நீர்க் குழியில் காடி இல்லை. ஆகவே அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

அம்மையார் இதை என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்.

“அப்போ கிருமியக் கொன்னது எலை இல்ல, காடி. போட்டோ எடுத்துட்டுப் போனாவளே ஒரு அக்கா, அவுக வீட்டுக்காரருக்கு இதத்தான குடுக்காவ? மாத்திரைய நிப்பாட்டிருந்தா?”

“உறுதியாகத் தெரியாமல் எதையும் சொல்லக் கூடாது அம்மா. இன்று மூன்று குழி போடுகிறேன். இந்தக் குடிநீர் ஒன்று, காடி கலந்த நீர் ஒன்று, காடியில்லாமல் நானே காய்ச்சும் இலைநீர் ஒன்று. நாளைக் காலை தெரிந்துவிடும்.”

“நீங்க அன்னைக்கு அவுகட்ட உறுதியாத் தெரிஞ்சா சார் பேசினிய? அன்னைக்குத் தெரியாமப் பேசினியல்லா, இன்னைக்கும் தெரியாமலே ஒரு வார்த்த பேசினா என்ன கொறஞ்சா போவும்?”

நண்பர்களே, என் வாழ்நாளில் நான் கேட்ட சொற்களில் இதைவிட நேரானது இல்லை. ஆனால் அன்று என்னைச் சுட்டது அதன் உண்மையன்று. சொன்னவர் யார் என்பது. மெய்ப்பிப்பது என் தொழில் என்று மனத்துக்குள் முறுக்கிக்கொண்டேன். படிவத்திலிருந்த கைப்பேசி எண்ணுக்கு ஒருமுறை அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கிடைக்காததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. கடமை முடிந்தது என்று தட்டை வெப்பப் பெட்டியில் வைத்தேன்.

அந்தப் பகல் நகரவில்லை. வெப்பப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். மூன்று மணி நேரத்தில் எந்தக் கிருமியும் வளர்ந்துவிடாது என்று தெரிந்தே திறந்தேன். கட்டுரையைத் திறந்து ஒரு வரியைத் திருத்தினேன், அழித்தேன். தேநீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினேன். துறைமுகச் சாலையில் சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையின் மறுபுறம் கீழவைப்பார் போகும் பேருந்து நின்றது, நிரம்பியது, கிளம்பிப் போனது. அன்று மாலைவரை அப்படி மூன்று பேருந்துகள் போவதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை தட்டு எல்லாவற்றையும் சொல்லிற்று. குடிநீரைச் சுற்றி வட்டம். காடி கலந்த நீரைச் சுற்றி, அளந்தாற்போல அதே வட்டம். காடியில்லாத இலைநீரின் விளிம்புவரை கிருமி தழைத்துக் கிடந்தது. அம்மையார் எட்டிப் பார்த்தார். என் பையை எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

கீழவைப்பார் போகும் பேருந்தில் எனக்கு இருக்கை கிடைத்தும் உட்கார முடியவில்லை. இருபுறமும் உப்பளங்கள். குவித்த உப்பின்மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. தருவைக்குளத்தில் மீன் கூடைகளை ஏற்றுவதற்காக ஓட்டுநர் வண்டியை நிறுத்தியபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. முன்னோக்கியா பின்னோக்கியா என்று எனக்கே தெரியவில்லை.

கோயிலுக்குப் பின்னால் வீடு. ஆய்வகத்திலிருந்து வருகிறேன் என்று வாசலில் விசாரித்தபோது பக்கத்து வீட்டுப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “போட்டோவுல தட்டு புடிச்சிருந்த கை ஒங்க கைதானா சார்?” என்றார். தெரு முழுதும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தது.

செலின் முகம் மலர வெளியே வந்தார். “வாங்க சார்! என்னங்க, லேப்பு சாரு நம்ம வீடு தேடி வந்திருக்காவ!”

உள்ளே அந்தோணி சுவரில் தலையணை சார்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை என்று கண்டதும் தெரிந்தது. விலாவை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு சிறு சிறு மூச்சாக இழுத்தார். உதடு கருத்திருந்தது. அவர் அருகே அந்தக் கரும்பச்சை நீர் ஒரு தம்ளரில் இருந்தது.

“மாத்திரை கொடுக்கிறீர்களா அம்மா?”

“இல்ல சார். அது கொடலப் பொரட்டுதுன்னு சொல்லிட்டே இருந்தாவ. நம்ம கசாயந்தான் கொல்லுதுன்னு ஆனப்பெறவு அது எதுக்குன்னு நிப்பாட்டிட்டோம். நீங்கதான சொன்னிய?”

“நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லையே.”

சொன்ன அடுத்த நொடியே அந்தச் சொற்களைத் திரும்ப விழுங்கிவிட வேண்டும் என்றிருந்தது. நாற்பது கிலோமீட்டர் வந்து நான் முதலில் காப்பாற்றியது என்னைத்தான்.

அந்தோணி கண்ணைத் திறந்தார். “ஏளா, சாருக்கு நாக்காலி போடு மொதல்ல,” என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “ஒங்க தட்டுல செத்துச்சு சார். எந் நெஞ்சுல சாவ மாட்டேங்கே.”

இதற்குமேல் ஆய்வுரை எதற்கு? நின்றவாறே செலினிடம் சொன்னேன்: “நான் தவறு செய்துவிட்டேன் அம்மா. கிருமியைக் கொன்றது இலையன்று. அதில் காடி இருக்கிறது.”

“காடியா?” அவருக்கு விளங்கவில்லை, பிறகு விளங்கியது. “வினாகிரியா சார்? அது மருந்தில்லையே! வள்ளத்துல கொண்டுபோற பாட்டிலு எதுவானாலும் ஒரு கரண்டி ஊத்துவோம், இல்லாட்டி மூணாம் நாளு நொதிச்சுப் போவும்லா. அது பழகிட்டு. வீட்டுல குடிக்கதுக்கும் ஊத்திருவோம். நீங்க மருந்து என்னன்னுதான கேட்டிய?”

நான் அதைத்தான் கேட்டேன். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கடலுக்குப் போகிறவன் வீட்டில், பாட்டிலில் அடைக்கும் எதுவும் சில நாள் கெடாமல் இருந்தாக வேண்டும் என்பதை, இந்தக் கரையிலேயே வாழ்ந்த நான் எண்ணியும் பார்க்கவில்லை. எண்ணத் தேவையின்றி மூக்கு சொல்லியிருக்கும். அதுவும் இல்லை.

“இப்போது அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த நிமிடமே.”

அவசர ஊர்தியை அழைத்தோம். வந்து சேர நேரமாகும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் மீன் ஏற்றும் சிறு வண்டி வைத்திருந்தார். “ஏலே, பெட்டியெல்லாம் எறக்கு!” என்று அவர் போட்ட சத்தத்தில் நால்வர் வந்து பனிக்கட்டிப் பெட்டிகளை இறக்கினர். அந்தோணியைச் சாய்த்து உட்கார வைத்து, ஒரு பக்கம் செலினும் மறுபக்கம் நானும் தாங்கிக்கொண்டோம். வழியெல்லாம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். செலின் ஒருமுறை கைப்பேசியை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து பார்த்து, அழித்தார்.

அந்தோணி பிழைத்தார். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. குழாய் வைத்து எடுத்தார்கள். பல வாரம் படுக்கையில் கிடந்தார். வலப்பக்க நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கிவிட்டது என்றும் இனி நீருக்குள் இறங்கவே கூடாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். சங்கு குளித்தவர் இப்போது கரையில் வலை பழுது பார்க்கிறார்.

கட்டுரையைக் கைவிட்டேன். மருத்துவமனைத் தலைவரிடம் என் மூக்கைப் பற்றியும் அந்தத் தட்டைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். “ஓய்வு பெறப்போற நேரத்துல இதெல்லாம் எதுக்கு சார் எழுத்துல?” என்றார் அவர். எழுத்தில் இருந்தால்தான் என்னால் பின்வாங்க முடியாது என்றேன். அம்மையார் மட்டும் அதற்குப்பின் ஒருநாளும் இதைப் பற்றிப் பேசவில்லை. திறந்த பாட்டில் எதுவானாலும் கழுவுமுன் தாம் ஒருமுறை முகர்ந்து, மேசையருகே வந்து என்னவென்று சொல்லிவிட்டுப் போவார்.

நல்ல செய்தியைச் சொல்வதற்கு ஒரு தட்டு போதும் என்றிருந்த நான், எச்சரிப்பதற்கு மட்டும் மூன்று குழிகளின் சான்று கேட்டேன். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நலம் தரும் என்று சொல்லப் பத்துச் சான்று கேளுங்கள்; தீங்கு வரலாம் என்று சொல்ல ஓர் ஐயம் போதும். பின்னர் உங்கள் ஐயம் பிழையென்று தெரிந்தால் நான்கு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு செலின் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் அதே கரும்பச்சைப் பாட்டில். அதில் ஒரு தாளை ஒட்டி, தம் கையாலேயே எழுதியிருந்தார்: ‘எலை மூணு. மொளகு. வினாகிரி ஒரு கரண்டி. கொழாத் தண்ணி. பாட்டிலு மொதல்ல நல்லெண்ணெய் பாட்டிலு, ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனது.’

“எல்லாத்தையும் எழுதிட்டேன் சார். இன்னும் கேக்கணும்னா கேளுங்க.”

என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது. மருத்துவரிடம் அதைக் கேட்டிருந்தேன். ஒரு நாளில் என்ன மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார். செலினிடம் கேட்டேன்.

“நான் முந்தின நாளே வந்து சொல்லியிருந்தால், அன்றே மாத்திரை கொடுத்திருப்பீர்களா அம்மா?”

“குடுத்திருப்பேன் சார்,” என்றார். யோசிக்கவே இல்லை.

அவர் போன பிறகு நெடுநேரம் மேசைக்கும் சன்னலுக்குமாக நடந்தேன். பிறகு பாட்டிலின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். பழக்கத்தில் தலை ஆடப் பார்த்தது. நிறுத்திக்கொண்டு, கழுவறைப் பக்கம் திரும்பி, “அம்மா, இதைச் சற்று முகர்ந்து சொல்லுங்கள்,” என்றேன்.